ரசத்தெளிவு

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது காபி சுமாராக இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். டிகாஷன் காலையில் போட்டது. வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லை. நானும் என் கணவர் தியாகராஜனும்தான் ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கிறோம். இந்த வங்காளத்து பவானிபூரில் நல்ல காபி கிடைக்கும் வீடு என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. சென்னையிலிருந்து வந்தவரிடம் அந்தப் பெயரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று நீங்கள் போன பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்த வேண்டியது வேறு என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குத்தான் வருகிறேன்.

தண்ணீர் விசாரணைக் குழுவில் நீங்கள் ஒருவர்தான் தமிழர். அதனால் மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியாக வந்தீர்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். "மேடம், அந்தக் காலத்துல அந்த முறையில இப்படி ஒரு கோளாறு இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லை. தெரியலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றீர்கள். யோசித்து எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். யோசித்துவிட்டேன், வைத்தியநாதன். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது.

ஆங்கிலத்தில் எழுதச் சொன்னீர்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ஆங்கிலத்தில்தான் அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கைகளில் தண்ணீர் தானே வடிகட்டப்படும், கண்ணாடிக் குடுவை தானே கழுவப்படும், செய்தவள் யாரென்றே தெரியாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. அதனால் இதை வீட்டுப் பாஷையிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் மண்ணும் பாறையும் படித்தவர். தண்ணீரைச் சோதிக்க நான் செய்த மின்முனையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். கார்பன் நானோகுழாய்களைக் கரைசலில் கலக்கித் தகட்டின் மேல் பூசிவிடுகிறவர்கள் உண்டு. அவை வைக்கோல் போரைப் போல ஒன்றின் மேல் ஒன்று தாறுமாறாகக் கிடக்கும். நான் செய்தது அப்படியல்ல. தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகளைப் படியவைத்து, உலையில் சூடேற்றி, அசிட்டிலீன் வாயுவை விட்டால், ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் ஒரு குழாய் எழும்பும். நாற்றங்கால் போல நெருக்கமாக, எல்லாம் நிமிர்ந்து ஒரே திசையில் நிற்கும். ஒவ்வொன்றின் அடியும் தகட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதால் மின்சாரத்துக்கு நேர்வழி. இடையிலுள்ள சந்துகளில் அயனிகள் முட்டாமல் மோதாமல் போய்வரும். குழாயின் பக்கச்சுவர் ஒரு சோம்பேறி. வேலை முழுவதும் நடப்பது திறந்த நுனியில்தான். மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிக்காகத்தான் முதலில் இதை வளர்த்தேன். நுனிகளில் தங்கத் துகளை ஏற்றி, தண்ணீரிலுள்ள ஆர்செனிக்கைப் பிடிக்க வைத்தது பிறகு.

பிடிக்கிற விதமும் சுலபம்தான். மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி வைத்தால் ஆர்செனிக் வந்து தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். மெல்ல மேலே ஏற்றினால் ஒட்டியது கழன்று போகும். போகும்போது ஒரு மின்னோட்டம் எழுந்து, திரையில் ஒரு மேடு தெரியும். மேடு உயரமாக இருந்தால் விஷம் அதிகம், தட்டையாக இருந்தால் இல்லை.

அந்த வளர்ச்சி எனக்கு ஒரே ஒரு தடவைதான் முழுசாகக் கைகூடியது. குழாய்கள் ஒன்றுகூடச் சாயாமல், நுண்ணோக்கியில் பார்த்தால் வெல்வெட்டுத் துணி மாதிரி இருந்தன. அதன் பிறகு உலையின் குவார்ட்ஸ் குழல் விரிசல் விட்டது. புதுக் குழல் வந்தது. அந்த வளர்ச்சி மட்டும் வரவில்லை. கைப்பக்குவம் என்பார்களே, அது எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. இருந்த தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி அளந்து அளந்து செலவழித்தேன். அதற்குப் பெரிய எதிரி துரு. துருத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் சந்துகள் அடைத்துவிடும். குழாய்கள் ஈரத்தலைமயிர் மாதிரி கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு சாய்ந்துவிடும்.

வங்காளத்து நிலத்தடி நீரில் இரும்பு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பிலிருந்து கண்ணாடி போல் வரும். கொஞ்ச நேரம் பாத்திரத்தில் நின்றால் சிவந்து, அடியில் துரு படியும். அதனால்தான் மாதிரி எடுக்கும்போதே பாட்டிலில் சில சொட்டு அமிலம் விட வேண்டும் என்பது விதி. அமிலம் விட்டால் இரும்பு படியாது. படியாத இரும்பு நேரே என் மின்முனைக்குள் வரும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். அமிலம் வேண்டாம். பாட்டிலை அசையாமல் நிற்க விட வேண்டும். மண்டி அடியில் இறங்கியதும் மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரசத்தை அப்படித்தான் பரிமாறுவோம். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினால் அம்மா கையில் ஒன்று போடுவாள். அந்த முறைக்கு மனசுக்குள் நான் வைத்த பெயரே ரசத்தெளிவு. ஆய்வுக்கட்டுரையில் அதற்கு வேறு கம்பீரமான பெயர் கொடுத்தேன்.

முதல் பாட்டில்களைக் கொண்டுவந்தவள் சந்தியா. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, காய்கறி நறுக்கிக் கொடுத்தவள். பாருய்ப்பூர் தாண்டி கல்மிடாங்கா என்ற சிறிய ஊரிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச் வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வருவாள். என்னை பௌதி என்பாள், அண்ணி என்று அர்த்தம். தண்ணீருக்கு எங்கள் வீட்டில் ஜலம், அவள் வீட்டில் ஜல். அதனால் அந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் மொழிபெயர்ப்பே இல்லாமல் நடக்கும். மற்றதெல்லாம் அவள் வங்காளத்தில் சொன்னது. நான் தமிழில் தருகிறேன்.

"பௌதி, ஊர் ஊரா ஜல் பாக்கறீங்களாமே. எங்க ஊரையும் பாத்துடுங்களேன். பக்கத்து ஊர்ல பம்புக்கெல்லாம் சிவப்பு அடிச்சுட்டாங்க, எங்களுக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பார்த்தேன். எங்கள் ஆட்கள் போய் அந்த ஊர்ப் பம்புகள் எல்லாவற்றிலும் எடுத்து வந்தார்கள். பாட்டில்கள் சால்ட் லேக்கில் என் ஆய்வுக்கூட அலமாரியில் நின்று தெளிந்தன. மேடுகள் தட்டையாக வந்தன. கல்மிடாங்காவின் பம்புகளுக்கெல்லாம் நீல வர்ணம் அடிக்கப்பட்டது. நீலம் என்றால் குடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. சந்தியாவின் வாசலிலேயே ஒரு பம்பு. சந்துக்காரர்கள் எல்லாரும் அதில்தான் பிடிப்பார்கள். அவள் புருஷன் நிமாய், வேன் ரிக்ஷா ஓட்டுகிறவன், அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பேரீச்சை வெல்லம் கொடுத்தனுப்பினான். ரொம்ப நல்ல வெல்லம். பொங்கலுக்குக்கூட அதைத்தான் போட்டேன்.

எங்கள் நிறுவனத்தில் நான் இதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் நரேன் எழுந்தார். நரேன் ஸான்யால், என்னைவிடச் சற்று இளையவர், அதனால் அக்கா என்ற அர்த்தத்தில் என் பெயரோடு 'தி' சேர்ப்பார்; பழைய பாணி ரசாயனச் சோதனைக்காரர். எனக்கும் அவருக்கும் அப்படி ஒன்றும் பகையில்லை. "பத்மஜா‑தி, பாட்டிலில் அமிலம் விட்டீர்களா? துருவோடு சேர்ந்து ஆர்செனிக்கும் கீழே போய்விடுமே" என்று கேட்டார். சரியான கேள்வி. அது சரியான கேள்வி என்பது என் காதில் விழுந்த கணமே உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நரேன், எங்கள் ஊரில் ரசத்தைத் தெளிவாக எடுத்துக் குடிப்போம். குளத்து மீனைச் சேற்றோடு சமைக்கிறவர்களுக்கு அது புரிய நாளாகும்" என்றேன். அரங்கமே சிரித்தது. வங்காளிகள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். நரேனும் காது சிவந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

இந்தச் சிரிப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதே வருடம் விஸ்வகர்மா பூஜை. எங்கள் கூடத்தில் அன்றைக்குக் கருவிகளை ஓட்டமாட்டார்கள். உலைக்கும் எடைத் தராசுக்கும் குங்குமம் வைத்து, பூச்சாத்தி, எல்லாரும் கீழே கிச்சடி சாப்பிடப் போய்விட்டார்கள். எங்களுக்கு ஆயுத பூஜை இன்னும் தள்ளித்தானே இருக்கிறது என்று நான் மட்டும் மேலே இருந்தேன். குழாய்கள் சாய்ந்து போய், எறிவதற்காக வைத்திருந்த ஒரு மின்முனை கைக்குக் கிடைத்தது. சந்தியா வீட்டுப் பாட்டில் ஒன்றும் இருந்தது. மேல்தெளிவை எடுத்தாகிவிட்டது, அடியில் மண்டி மட்டும் மிச்சம். நரேனின் கேள்வி அதுவரை என்னை விட்டிருக்கவில்லை. மண்டியில் அமிலத்தை விட்டேன். துரு கரைந்து தண்ணீர் மஞ்சளாயிற்று. அதைச் சோதித்தேன்.

மேடு திரைக்குள் அடங்கவில்லை. அளவுகோலை மாற்றி மறுபடி பார்த்தேன், அப்போதும் அப்படியே. மின்முனை ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சாய்ந்து போன பழைய துண்டுகூட எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. விஷம் முழுவதும் நான் வருடக்கணக்காகத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த மண்டியில் இருந்தது. ஊர்க்காரர்கள் தெளிய வைத்தா குடிக்கிறார்கள்? நின்ற தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப் போகிறது என்று, பம்பை அடித்துப் புதிசாக வருவதை அப்படியே குடிக்கிறவர்கள்.

பாட்டிலைக் கழுவினேன். கையைக் கழுவினேன். கீழே போய்க் கிச்சடி சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார்கள், போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தப்பு நடந்துவிட்டது, நீலத்தை அழித்துவிடுங்கள் என்று ஒரு போன் போதும். யார் என்னைத் தூக்கிலா போட்டிருப்பார்கள்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் ஆறுதல்கூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் நரேனும் அந்த அரங்கத்தில் இருப்பாரே. அந்தச் சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்புமே. அமிலம் விட வேண்டும் என்பது இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரிந்த பாடம்; அதை பத்மஜா தவறவிட்டாள், ரசத்தை உதாரணம் காட்டித் தவறவிட்டாள் என்று சால்ட் லேக் முழுக்கப் பேசும். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பூஜை விடுமுறை வந்தது, காளி பூஜை வந்தது, பனி வந்தது.

அதற்குள் நரேன் சும்மா இருக்கவில்லை. தானே கல்மிடாங்கா போய், அமிலம் விட்ட பாட்டில்களில் எடுத்துவந்து, பம்புகளில் விஷம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் குழாய்த் தண்ணீர் எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு அறிக்கையும் முரணாக இருக்கவே, என்னை அழைத்துக் கேட்டார்கள். நான் பதற்றமே படாமல், "நரேன் உபயோகித்த அமிலம் எவ்வளவு சுத்தம் என்று தெரியவில்லை. மட்டமான அமிலத்திலேயே ஆர்செனிக் இருப்பதுண்டு" என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது உண்மைதான். நான் பொய் சொல்லவில்லை என்று வெகுகாலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழாய் பக்கத்து ஊருக்குப் போயிற்று. கல்மிடாங்காவுக்கு நீல பம்பு இருக்கிறதே, அவசரமில்லை என்றார்கள். நரேனுக்கு அதன் பிறகு இங்கே வேலை ஓடவில்லை. வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். விடைபெற என் அறைக்கு வந்து நின்றார்.

"பத்மஜா‑தி, ஒரே ஒரு தடவை பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் பாருங்கள். எனக்காக வேண்டாம்" என்றார்.

பார்க்கிறேன் என்றேன். பார்த்தாகிவிட்டது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்த வாரத்திலிருந்துதான் சந்தியாவுக்குத் தண்ணீர் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு ஃபில்டரிலிருந்து இரண்டு பெரிய பாட்டில் நிரப்பி, சாயங்காலம் அவள் கிளம்பும்போது கையில் கொடுப்பேன். "ராத்திரி நீயும் நிமாயும் இதைக் குடிங்க. இங்கே வீணாத்தான் போறது" என்பேன். அவள் முதலில் முழித்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் காலி பாட்டில்கள் சமையலறை மேடையில் கவிழ்ந்திருக்கும்.

தியாகராஜன் பாங்க் ஆபீசராக இருந்தவர். எதுவும் கண்ணில் படாமல் போகாது. "ஏன்டி பத்மா, நம்மாத்து ஜலத்தை தினமும் கட்டிக் கட்டி அனுப்பறியே. அவாத்து வாசல்லயே நீதானே பாஸ் பண்ணின பம்பு நிக்கறது?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டார்.

"பாவம், நடந்து வேர்த்துப் போறா. குடிச்சுண்டு போகட்டுமே" என்றேன்.

"ரெண்டு பாட்டில் தாகமா?" என்றார். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டுவிட்டார்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், எனக்குத் தெரியாமலில்லை. ஊருக்கெல்லாம் பாட்டிலில் அனுப்ப முடியாது. எனக்குத் தெரிந்த வீடு ஒன்று, அந்த வீட்டுக்காவது செய்தேன். மற்றவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீங்களாகவே கண்டுபிடித்தால் இன்னும் கேவலம். என்னை ஏமாற்றிய அதே முறை அவர்களைக் காப்பாற்றியிருக்கும். முழுக்க இல்லாவிட்டாலும் ஓரளவு. தண்ணீரைக் குடத்தில் இரவு முழுக்க நிற்கவைத்து, மண்டியைக் கொட்டிவிட்டுத் தெளிவை மட்டும் குடியுங்கள் என்று சொன்னாலே உள்ளே போகும் விஷம் எவ்வளவோ குறைந்திருக்கும். தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே சொல்லியிருக்கலாம். ஒருமுறை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சந்தியாவிடம் ஆரம்பித்தேன். "உங்க ஊர் ஜலத்தைப் பிடிச்ச உடனே குடிக்காதே. ராத்திரி குடத்துல வெச்சு…" என்றேன்.

"ஏன் பௌதி?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

சந்தேகமே இல்லாத கண். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த 'ஏன்' என்னை நிறுத்திவிட்டது. "ருசியா இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். "நின்ன ஜல் ருசியாவா? உங்க ஊர்ல எல்லாமே தலைகீழ் பௌதி" என்று வெண்டைக்காயை நறுக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வருடங்கள் போயின. எனக்குத் துறைத்தலைமை வந்தது. அந்த நல்ல மின்முனைத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசித் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன், ஒரு குழாய்கூடச் சாயவில்லை.

ஒரு துர்கா பூஜைக்கு நிமாய் என்னை நமஸ்கரிக்க வந்தான். புதுச்சட்டைக்கு மேல் பட்டன் போட்டிருக்கவில்லை. மார்பில் மழைச்சாரல் தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். பிரசாதம் வாங்கக் கை நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, சின்னச் சின்ன மொட்டுகளாக. வேன் ஓட்டுகிற கை காய்த்துத்தான் இருக்கும். ஆனால் கைப்பிடி பிடிக்கிறவனுக்கு இப்படிக் காய்க்காது. ஆர்செனிக் குடித்த கை, படத்தில் எத்தனையோ முறை பார்த்தது. என் சொற்பொழிவுகளில் நானே போட்டுக் காட்டிய படம்.

"டாக்டர் தோல்னு சொல்றார். மருந்து தடவறேன், போகல" என்றான் நிமாய். சந்தியா அவன் பின்னாலிருந்து, "பௌதி, ஜல்ல ஏதாவது இருக்குமா? நீங்க சொன்னா சரி. இல்லேன்னா இவர் பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போய்க் குடம் எடுத்து வரேன்றார்" என்று கேட்டாள்.

என்னைக் கேட்டார்கள், வைத்தியநாதன். நேருக்கு நேராக, என் வீட்டு வாசலில், என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும்.

"நீல பம்புதானே? அதுக்கு மேல என்ன? அவ்வளவு தூரம் நடப்பானேன்? நன்னா ஜலம் குடிக்கச் சொல்லு, வெயில்ல அலையற உடம்பு" என்றேன்.

ஆமாம் என்றால், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அன்றைக்குச் சொல்லாததற்கு நரேன் காரணம். இன்றைக்குச் சொல்லாததற்கு அன்றைக்குச் சொல்லாததே காரணம். வெட்கம் என்பது வட்டியோடு வளர்கிற பொருள். நிமாய்க்குத் தேங்காயெண்ணெய் ஒரு பாட்டிலும், நல்ல களிம்பு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அவன் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். அதற்கப்புறம் நுரையீரல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பார்க்கப் போனேன், சாத்துக்குடி கொண்டுபோனேன். அவன் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். என்னெதிரில் அதைக் காட்ட அவனுக்குக் கூச்சம். நான் என் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். போன மழைக்காலத்தில் அவன் செத்துப் போனான். அதே ஊரிலிருந்து அதே மாதிரிக் கைகளோடு இன்னும் பலர் வந்திருப்பதை அந்த ஆஸ்பத்திரியின் தோல் மருத்துவர் ஒருவர் கவனித்தார். பம்புத் தண்ணீரை அமிலம் விட்டுச் சோதிக்க வைத்தார். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. இப்போது கல்மிடாங்காவில் எல்லாப் பம்பும் சிவப்பு.

ஆக, எப்போது தெரியும் என்று நீங்கள் கேட்டால், அந்த விஸ்வகர்மா பூஜை முதல் தெரியும். தெரிந்தே நீலத்தை அழிக்காமல் விட்டேன். தெரிந்தே நரேனை மட்டமான அமிலக்காரராக ஆக்கினேன். குழாயைத் தெரிந்தே வேறு ஊருக்குப் போக விட்டேன். நிமாயும் சந்தியாவும் வாசலில் வந்து கேட்டபோது தெரிந்தே குடிக்கச் சொன்னேன். கொன்றேன் என்றுதான் இதற்குப் பெயர். எத்தனை பேரை என்று எனக்குத் தெரியாது.

அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்காது என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்தவளுக்கு நீங்களே இலையும் போட்டுக் கொடுத்தீர்கள்; நன்றி. ஆனால் அந்த வரியின்படி பத்மஜாவுக்கு அமிலம் விடத் தெரியவில்லை என்றாகும். அதை எழுதப் பேனா எடுத்தபோதுதான் கை நின்றது. பாவி என்று எழுதுங்கள், தெரியாதவள் என்று எழுதாதீர்கள். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். அன்றைக்கு அரங்கத்தில் வாயை முந்தவிட்டவள் இன்னும் அப்படியேதான் இருக்கிறாள். தலையைத் தூக்கி யார் முகத்திலும் முழிக்க முடியாமல் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது; அதுவும் இப்போது இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சந்தியா வந்தாள். உங்கள் விசாரணை அப்போது தொடங்கவில்லை, பம்பு சிவப்பாகியிருக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, இனிமேல் வேலைக்கு வரவில்லை என்றாள். பையிலிருந்து அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்து மேடையில் வைத்தாள். நன்றாகக் கழுவியிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் பௌதி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். "இந்த ஜலை நான் வீட்டுக்கு எடுத்துட்டே போனதில்ல. அந்தக் கூட்டத்துல, ரெண்டு பாட்டில் கனத்தோட எப்படி ரயில் ஏறறது? பாலிகஞ்ச் ப்ளாட்ஃபாரத்துல ஒரு கிருஷ்ணசூடா மரம் இருக்கு. தினமும் அதுக்கு ஊத்திட்டு ஏறிடுவேன். நீங்க ஆசையா குடுக்கறீங்க, வேண்டாம்னு சொல்ல வாய் வரல. எங்க வாசல்லதான் நீங்களே பாத்துக் குடுத்த பம்பு இருக்கே. அவர் அதைத்தான் குடிப்பார். பௌதி பாஸ் பண்ணின ஜல்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிக் குடிப்பார்."

அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா, எங்கே இருக்கிறாள், எதையும் நான் விசாரிக்கவில்லை. அவள் கை சுத்தமாகத்தான் இருந்தது. பகல் முழுக்க எங்கள் வீட்டு ஜலம் குடித்ததால் இருக்கலாம். வைத்தியநாதன், நான் செய்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன், இனி நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் ஒரு மனுஷனின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை, இத்தனை வருடம் தினமும் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சந்தியா மறைத்துவிட்டாளே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.